சூடு கண்ட பூனை!

“ஸார், இதை இனிமே காயலான் கடையிலதான் போடணும்.”

லேப்டாப் ரிப்பேர் கடைக்காரர் இதைச் சொன்ன தோரணை, ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றும் சினிமா டாக்டரைப் போலவே இருந்தது.

“ஒன்பது வருஷம்தானே ஆச்சு? நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும் ஸார், யார் இல்லேன்னா? ஆனா விண்டோஸ் பத்துக்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு. பதினொண்ணு இதுல ஏறாது. ப்ராஸஸர் பழசு. ஐம்பதாயிரத்துல புதுசு இருக்கு, பார்க்கறீங்களா?”

அவர் சொன்னது பொய்யில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திவிட்டது. ஐம்பதாயிரத்தை, ஒரு கட்டுரைக்கு எனக்குக் கிடைக்கும் சன்மானத்தால் வகுத்துப் பார்த்தேன். நான் பி.காம். இந்த மாதிரி கணக்கெல்லாம் மனசுக்குள்ளேயே ஓடிவிடும். விடை வந்ததும் தலை சுற்றியது. லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்தான். வயது இருபத்தைந்து. மாமன் என்கிற மரியாதையை வாயில் மட்டும் வைத்திருப்பவன். பிளஸ் டூ படித்தபோது அவனுக்கு அரசாங்கம் விலையில்லா லேப்டாப் கொடுத்தது. அதில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்கிற லினக்ஸும் இருந்தது. நம்ம சி-டாக் ஆசாமிகள், ‘டெபியன்’ என்கிற லினக்ஸை அஸ்திவாரமாக வைத்துக் கட்டியது. கூடப் படித்த பையன்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காதபோது, இவன் மட்டும் உள்ளே புகுந்து குடைந்திருக்கிறான். அன்று பிடித்த பைத்தியம். இன்று அதில்தான் சம்பளம்.

“மாமா, இதுக்குப் போயி ஐம்பதாயிரமா? டெபியன் போட்டுடலாம். பைசா கிடையாது.”

பைசா கிடையாது என்றால் என் மனைவிக்கு சந்தேகம் வரும். எனக்கு ஆசை வரும். காபி ஆறுவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டான். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13. மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் கிழட்டு லேப்டாப் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று எழுந்து நின்றது.

சிக்கல் அதற்கப்புறம்தான்.

அண்ணாச்சி கடை

வீடியோ பார்க்க வி.எல்.ஸி. வேண்டும். பழக்க தோஷம். பிரௌஸரைத் திறந்து தேட ஆரம்பித்தேன். உங்களுக்கும் இந்தச் சடங்கு தெரிந்திருக்கும். ஒரே பக்கத்தில் பச்சைக் கலரில் நாலு ‘டவுன்லோட்’ பட்டன். அதில் மூன்று போலி. நாலாவதைக் கண்டுபிடித்து அமுக்கினால் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ்’. முடிந்ததும் பார்த்தால் கேட்காத டூல்பார் ஒன்று பிரௌஸர் தலையில் உட்கார்ந்திருக்கும். ஒரு தேங்காய் வாங்கப் போனவன் தலையில் பரங்கிக்காயையும் கட்டி அனுப்பியது போல.

“என்ன மாமா பண்றீங்க? இங்க அப்படியெல்லாம் தெருத்தெருவா அலையக்கூடாது” என்று பையன் பதறினான். கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்தான். டெர்மினலாம். “அடிங்க. சூடு ஏபிடி இன்ஸ்டால் வி.எல்.ஸி.”

“சூடா?”

“எஸ், யு, டி, ஓ. சூப்பர் யூஸர் அதிகாரத்துல இந்த வேலையைச் செய்யணும்னு அர்த்தம்.”

அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போச்சு என்று முடிவு கட்டி, கவிழ்த்துத் தட்டப் போனேன். “அது அப்படித்தான் மாமா. எத்தனை எழுத்துன்னுகூடப் பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியக்கூடாதில்ல? தைரியமா அடிங்க.”

தைரியமாக அடித்தேன். திரையில் ஒரு பெரிய பட்டியல் ஓடியது. நான் கேட்டது ஒன்று. அது கொண்டுவருகிறேன் என்று சொன்னதோ ஒரு பட்டாளம். கடைசியில், இவ்வளவு எம்.பி. இறக்கணும், இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரலாமா, ‘ஒய்’யா ‘என்’னா என்று ஒரு கேள்வி. ஒய் தட்டினேன். ஒரு நிமிஷம். வி.எல்.ஸி. ரெடி. டூல்பார் கிடையாது. ‘ஐ அக்ரீ’ கிடையாது.

இதற்குப் பெயர் பாக்கேஜ் மானேஜர். என் பாஷையில் சொன்னால் அண்ணாச்சி கடை.

யோசித்துப் பாருங்கள். வடகறி பண்ணணும் என்று அண்ணாச்சியிடம் போய் நிற்கிறீர்கள். கடலைப்பருப்பு, சோம்பு, பட்டை, எண்ணெய் என்று அவரே மடமடவென்று கட்டுவார். உங்கள் வீட்டில் எண்ணெய் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். போன வாரம் வாங்கினது நோட்டில் இருக்கிறதே! அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் கட்டுவார். ஏபிடி செய்வது அட்சரம் பிசகாமல் இதேதான். ஒரு ஸாஃப்ட்வேர் ஓடுவதற்கு வேறு எதெது வேண்டும், அதில் ஏற்கெனவே இருப்பது எது, இல்லாதது எது என்று கணக்குப் பார்த்து, இல்லாததை மட்டும் கொண்டுவரும்.

டெபியன் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்கிறீர்கள்? 13-ம் பதிப்பில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் பாக்கேஜ்கள். என் பிழைப்புக்கு வேண்டிய தமிழ் எழுத்துரு ‘லோஹித்’ அங்கே இருந்தது. ‘ஐபஸ்-எம்17என்’ என்று ஒன்றைப் போட்டதும் தமிழ்99 கீபோர்டு வந்துவிட்டது. எல்லாம் அதே ஒற்றை வரி.

கணக்குப்பிள்ளை

இங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது.

அண்ணாச்சிக்கு ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. பெயர் ‘டிபிகேஜி’. ஏபிடி வெளியே போய் சரக்கு பிடித்துக்கொண்டு வரும். அதைப் பிரித்து, எந்த ஃபைல் எந்த அலமாரிக்குப் போயிற்று என்று எழுதிவைப்பது கணக்குப்பிள்ளை. அவருடைய பேரேடு ரகசியமெல்லாம் இல்லை. சாதாரண எழுத்தில் ஒரு ஃபைல். திறந்து படிக்கலாம். பெயர், பதிப்பு எண், யார் பொறுப்பு, எது எதை நம்பியிருக்கிறது, எல்லாம் அங்கே இருக்கிறது.

வரும் சரக்கு ‘டெப்’ என்கிற பொட்டலம். உள்ளே மூன்றே சாமான். பொட்டலம் எந்த வகை என்று ஒரு சீட்டு, விவரமெல்லாம் எழுதிய பில், அப்புறம் நிஜமான சரக்கு. அந்த பில்லில் நாலு முக்கியமான தலைப்புகள் உண்டு. பையன் எவ்வளவோ விளக்கியும் ஏறவில்லை. கல்யாண வீடாக மாற்றிப் பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது.

‘டிபென்ட்ஸ்’ என்றால் மாப்பிள்ளை. இவர் வராமல் முகூர்த்தம் கிடையாது.

‘ரெகமெண்ட்ஸ்’ என்றால் நாதஸ்வரம். சாதாரணமாக வந்துவிடும். வேண்டாம் என்று குறிப்பாகச் சொன்னால் விட்டுவிடலாம், தாலி ஏறத்தான் செய்யும்.

‘ஸஜஸ்ட்ஸ்’ என்றால் ஐஸ்க்ரீம் ஸ்டால். “இருந்தா நல்லாருக்கும்” என்று யாரோ சொல்வார்கள். நீங்களாகக் கேட்டால்தான் வரும்.

‘கான்ஃப்ளிக்ட்ஸ்’ என்றால் சண்டைக்காரச் சித்தப்பா. இவர் வந்தால் பெரியப்பா கிளம்பிவிடுவார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள்.

இந்தச் சித்தப்பாவை மறந்துவிடாதீர்கள். பின்னால் வருகிறார்.

மாடு சொன்ன கதை

இந்த சொகுசெல்லாம் லினக்ஸ் பிறந்த அன்றே இருந்ததில்லை. 1991-ல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது, ஒரு ஸாஃப்ட்வேர் வேண்டும் என்றால் அதன் மூலத்தைக் கொண்டுவந்து வீட்டிலேயே அரைத்து, சலித்து, வறுக்க வேண்டும். பாதி வழியில் “சோம்பு எங்கே?” என்று அது கேட்கும். சோம்பைத் தேடிப் போனால் சோம்பு “முதல்ல பட்டை எங்கே?” என்று கேட்கும். பட்டையோ, “சோம்பு வந்தாத்தான் நான் வருவேன்” என்று அடம்பிடிக்கும். இதற்கு ‘டிபென்டென்ஸி நரகம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் இயன் மர்டாக் என்கிற மாணவர் டெபியனை ஆரம்பித்தார். காதலி பெயர் டெப்ரா, தன் பெயர் இயன். இரண்டையும் ஒட்டினால் டெபியன். ரெட் ஹாட் ஆசாமிகள் 1995-ல் ‘ஆர்பிஎம்’ என்று தங்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளையை அமர்த்திக்கொண்டார்கள். ஆனால் பேரேடு எழுத ஆள் இருந்தாலும், கடைவீதிக்குப் போய் மொத்தப் பட்டியலையும் தானே கணக்குப் பார்த்துக் கொண்டுவர ஆள் வேண்டுமே? அந்த வேலைக்கு 1999 மார்ச்சில், டெபியன் 2.1-ல் ஏபிடி வந்து சேர்ந்தது. இன்று ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பாக்மேன், ஓப்பன்சூஸேயில் ஸிப்பர் என்று தெருவுக்கு ஒரு அண்ணாச்சி. பெயர்தான் வேறே, கடை ஒன்றுதான்.

இத்தனை சீரியஸான ஆசாமிகளுக்குக் குறும்பும் உண்டு. ‘ஏபிடி மூ’ என்று அடித்துப் பாருங்கள். புள்ளியும் கோடுமாக ஒரு மாடு வந்து, “இன்னிக்கு நீங்க ‘மூ’ன்னு கத்தினீங்களா?” என்று விசாரிக்கும். என் ஏழு வயது மகள் இதைப் பார்த்த அன்றிலிருந்து லினக்ஸ் பக்கம். மனைவி மட்டும், “இதுக்காகவா ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்தீங்க?” என்றாள்.

டெபியன் பதிப்புகளுக்குப் பெயர் ‘டாய் ஸ்டோரி’ சினிமாவின் பொம்மைகளிலிருந்து வருகிறது. ஆரம்பத்தில் தலைவராக இருந்த ப்ரூஸ் பெரன்ஸ் வேலை பார்த்தது அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார் கம்பெனியில். புதுச் சரக்கெல்லாம் முதலில் வந்து இறங்குகிற பரிசோதனைப் பிரிவுக்கு நிரந்தரமாக ‘சிட்’ என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டு வில்லன் பையன்! அங்கே அடி உதை பட்டுப் பிழைத்த சரக்குதான் அடுத்த படிக்கு வரும். அங்கேயும் மாசக்கணக்கில் ஊறப்போட்டு, கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ‘ஸ்டேபிள்’ என்று முத்திரை குத்தி நம்மிடம் தருகிறார்கள்.

அந்த வியாழக்கிழமை ராத்திரி

மூன்று வாரம் ராஜபோகம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆபீஸ் நண்பர்களிடம், “நீங்க இன்னும் டவுன்லோட்தான் பண்றீங்களா?” என்று கேட்கிற அளவுக்கு.

ஒரு வியாழன் ராத்திரி பதினொரு மணி. மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை போக வேண்டும். கூடவே அனுப்ப வேண்டிய பழைய பேப்பர் கட்டிங்கை என் புராதன ஸ்கேனர் எடுக்க மறுத்தது. பையனுக்கு போன் பண்ணியிருக்கலாம். மாமன் கௌரவம் தடுத்தது. இன்டர்நெட்டில் தேடினேன். என்றைக்கோ, யாரோ, வேறு ஒரு லினக்ஸுக்காக எழுதிவைத்திருந்த யோசனை கிடைத்தது. ‘இந்த ஒரு வரியை உங்கள் கடைப் பட்டியலில் சேருங்கள். புது டிரைவர் வரும்.’

சேர்த்தேன். இந்தக் கடையின் கையெழுத்தை நம்புவதற்கு ஒரு சாவி வேண்டும் என்றது. அதையும் கொண்டுவந்து போட்டேன். வாசலில் நிற்பவன் யார் என்று பார்க்காமல் வீட்டுச் சாவியைக் கொடுத்தது போல. அப்புறம், சூடு ஏபிடி இன்ஸ்டால்...

பட்டியல் ஓடியது. இந்த முறை கொஞ்சம் நீளம். அடியில் சிவப்பு எழுத்தில் ஏதோ இருந்தது. சிவப்பு என்றால் என்ன? ரேஷன் கார்டு பின்பக்க விதிமுறை மாதிரி ஏதாவது இருக்கும். தொடரலாமா?

ஒய்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் கண் முன்னாலேயே ஐகான்கள் காணாமல் போயின. மெனு போயிற்று. கடைசியில் திரையே இருண்டு, ஒரு ஓரத்தில் ‘லாகின்’ என்று மட்டும் ஒரு வார்த்தை கண் சிமிட்டியது.

எப்படியோ உள்ளே நுழைந்து, என் ஃபைல்களின் பட்டியலைக் கேட்டேன். பத்து வருஷக் கட்டுரைகள். எல்லாவற்றுக்கும் தமிழில்தான் பெயர் வைத்திருந்தேன். திரையில் வந்தது தமிழ் இல்லை. கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக, ஒரே மாதிரியான கட்டங்கள்.

முதுகில் ஜில்லென்று வியர்த்தது. கடைசியாக பென் டிரைவில் காப்பி எடுத்தது போன தீபாவளிக்கா, அதற்கு முந்தின தீபாவளிக்கா? சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “ஏங்க, அந்தக் கடைக்காரர் சொன்ன ஐம்பதாயிரத்துல எனக்கு எதிர்ப்பு கிடையாதுங்க” என்றாள். அவள் அப்படிச் சொல்லுகிறாள் என்றால் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு பேசியது

கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பையனுக்கு போன் போட்டேன்.

“எழுத்தெல்லாம் போச்சுடா!”

“இல்ல மாமா, பதறாதீங்க. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். ஃபைல் அப்படியே இருக்கும். பாக்கேஜ் மானேஜர் தான் வெச்ச சாமானைத்தான் எடுக்கும். உங்க வீட்டு அலமாரி அதோட கணக்குலயே இல்ல.”

போன உயிர் முக்கால்வாசி திரும்பியது.

“கடைசியா என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையேடா...”

“சரி, ஏபிடியோட ஹிஸ்டரி லாகைத் திறங்க. நான் சொல்றதை அடிங்க.”

அடித்தேன். பிரமித்துவிட்டேன். எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எத்தனை வினாடிக்கு ஆரம்பித்தது. நான் அடித்த கட்டளை வரி எழுத்துப் பிசகாமல். உள்ளே வந்த பாக்கேஜ்கள் எவை, வெளியே போனவை எவை, எத்தனை மணிக்கு முடிந்தது... எல்லாம் வரிசையாக இருந்தது. போனவை நூற்றுச் சொச்சம். அதற்கெல்லாம் நடுவில் ஒரு வரி. ‘ரிக்வெஸ்டட் பை’. கோரியவர்! பக்கத்தில் என் பெயர்.

மூன்று வருஷம் காலேஜில் ஆடிட்டிங் படித்தேன். வவுச்சர் என்றால் என்ன என்று அந்த ராத்திரிதான் புரிந்தது. “ஒண்ணும் பண்ணலையேடா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

நடந்தது இதுதான். நான் சேர்த்த கடையிலிருந்து வந்த டிரைவருக்கு, ஒரு லைப்ரரியின் புதுப் பதிப்பு வேண்டியிருந்தது. என் டெஸ்க்டாப் முழுக்கப் பழைய பதிப்பை நம்பி நின்றது. சித்தப்பா வந்தார். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளை குட்டி எல்லாரும் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார்கள். இத்தனையையும் அது என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. சிவப்பு எழுத்தில், ‘ரிமூவிங்’ என்று தலைப்புப் போட்டு.

பையன் போனில் சொல்லச் சொல்ல அடித்தேன். முதலில் அந்த வம்பு வரியையும் அதன் சாவியையும் நீக்கினோம். சரக்குப் பட்டியலைப் புதுப்பித்தோம். சித்தப்பாவை அனுப்பிவிட்டு, பழைய லைப்ரரியை ஸ்டேபிள் கடையிலிருந்தே திரும்பக் கொண்டுவந்தோம். கடைசியாக டெஸ்க்டாப்பை இன்ஸ்டால் பண்ணச் சொன்னோம். நூற்றுச் சொச்சம் உறவுக்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தார்கள். மணி இரண்டரை. திரை பளிச்சென்று எழுந்தது. என் கட்டுரைகள் தமிழில் சிரித்தன.

காலை ஒன்பது ஐம்பதுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. ஸ்கேன் இல்லாமல். பேப்பர் கட்டிங்கை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்த யோசனை முந்தின நாள் ராத்திரியே வந்திருக்கலாம்!

பெரிய மனுஷனும் விழுந்த குழி

“உங்களை மட்டும் சொல்லக்கூடாது மாமா” என்று பையன் அப்புறம் ஒரு கதை சொன்னான். 2021-ல் லைனஸ் செபாஸ்டியன் என்கிற கனடா நாட்டு யூட்யூப் பிரபலம், கம்ப்யூட்டர் சாமான்களை அலசுவதையே தொழிலாக வைத்திருப்பவர், பாப் ஓஎஸ் என்கிற லினக்ஸில் ‘ஸ்டீம்’ என்கிற கேம் ஸாஃப்ட்வேரை ஏற்றப் போனார். அந்த நேரம் பார்த்து அந்த பாக்கேஜில் ஒரு கோளாறு. அத்தியாவசியமான சாமான்கள் போகப் போகின்றன என்று ஏபிடி எச்சரித்தது. சும்மா ‘ஒய்’ போதாது, ‘ஆமாம், நான் சொல்வதைச் செய்’ என்று முழு வாக்கியத்தையும் டைப் அடித்தால்தான் செய்வேன் என்றது. மனுஷன் டைப் அடித்தார். டெஸ்க்டாப் மொத்தமும் காலி. உலகமே வீடியோவில் பார்த்தது.

அதற்கப்புறம் ஏபிடியை எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வாக்கியத்தை டைப் அடித்தாலும் இனி செல்லாது என்று மாற்றிவிட்டார்கள். தெரிந்தேதான் செய்கிறேன் என்று கட்டளையிலேயே தனியாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் என் டெஸ்க்டாப் அத்தியாவசியப் பட்டியலில் சேராது. அது இல்லாமலும் லினக்ஸ் ஓடும். நான்தான் ஓட மாட்டேன். அதனால் வெறும் ‘ஒய்’யே போதுமானதாகிவிட்டது.

அரை வினாடி

சரி, கடையையே நம்பலாமா? அண்ணாச்சி கலப்படம் பண்ணமாட்டார் என்று என்ன நிச்சயம்?

நியாயமான கேள்வி. ஏபிடி கொண்டுவரும் சரக்குப் பட்டியலில் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கைரேகை எண் இருக்கும். வழியில் யாராவது ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது, ஏபிடி வாங்காது. ஆனால் சரக்கு விளைகிற வயலிலேயே விஷம் வைத்தால்?

அதுவும் நடந்தது. ‘எக்ஸ்-இஸட்’ என்று ஒரு சின்ன ஸாஃப்ட்வேர். ஃபைல்களைச் சுருக்குவது வேலை. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். ‘ஜியா டான்’ என்கிற பெயரில் ஒரு ஆசாமி இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பாளர்களில் ஒருவராகவே ஆகி, 2024-ல் உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பது யார் என்பது வெளிவரவில்லை.

கண்டுபிடித்தது போலீஸ் இல்லை, பெரிய பாதுகாப்பு நிறுவனமும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்கிற ஒரு இன்ஜினீயர். தன் டெபியன் கம்ப்யூட்டரில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று உறுத்தியிருக்கிறது. அரை வினாடி! நமக்கென்றால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டே போய், 2024 மார்ச் 29-ம் தேதி ஊருக்கே உடைத்துச் சொல்லிவிட்டார். விஷம் டெபியனில் சிட் வரைக்கும், அதற்கடுத்த படி வரைக்கும் வந்திருந்தது. ஸ்டேபிளுக்குள் நுழையவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு பயத்தைவிட மரியாதைதான் வந்தது. கணக்கு திறந்து கிடந்ததால்தான் ஒருவரால் புரட்டிப் பார்க்க முடிந்தது. சரக்கு வரிசையில் நின்று காத்திருந்ததால்தான் நம் வீட்டுக்கு வரவில்லை. டெபியனைப் பார்த்துக்கொள்ளும் சுமார் ஆயிரம் பேரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அத்தனை பேர் எனக்காகப் படித்து, சோதித்து, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். என்னிடம் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கடைசியில் வரும் பத்து வரியைப் படி.

அதைத்தான் நான் செய்யவில்லை.

பெட்டிச் செய்தி: மாமாவின் பஞ்ச சீலம்

1. ‘ஏபிடி அப்டேட்’ என்பது சரக்குப் பட்டியலைப் புதுப்பிப்பது. ‘ஏபிடி அப்கிரேட்’ என்பது சரக்கையே புதுப்பிப்பது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யுங்கள்.

2. ‘ஏபிடி ஷோ’ என்று பாக்கேஜ் பெயரோடு அடித்தால், அது என்ன, எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும் என்று சொல்லிவிடும். பெண் பார்க்காமல் தாலி கட்டாதீர்கள்.

3. வேறு லினக்ஸின் கடையை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு புது ஸாஃப்ட்வேர்தான் வேண்டும் என்றால் ‘ஃப்ளாட்பாக்’ இருக்கிறது. தனக்கு வேண்டியதைத் தானே பொட்டலமாகக் கொண்டுவரும் கட்டுச்சோறு. இடம் கொஞ்சம் அதிகம் அடைக்கும். ஆனால் பந்தியில் யாரையும் எழுப்பாது.

4. ‘ஆட்டோரிமூவ்’ என்பது, மாப்பிள்ளை போன பிறகும் தங்கிவிட்ட அவருடைய உறவினர்களை அனுப்பிவைப்பது. நல்லதுதான். ஆனால் அனுப்புமுன் பட்டியலைப் படியுங்கள்.

5. ‘ஒய்’ அடிப்பதற்கு முன் “ஒய்?” என்று ஒரு தரம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். நான் இன்னமும் அடுப்பங்கரையில்தான் இருக்கிறேன். என்ன, சூடு அடித்த பிறகு பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை படிக்கிறேன். சிவப்பு தெரிந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை. ஞாயிறுதோறும் பென் டிரைவில் காப்பியும் உண்டு.

இந்தப் பழக்கம் லேப்டாப்போடு நிற்கவில்லை. போன மாதம் ஸ்கூட்டர் லோன் வாங்கப் போயிருந்தேன். அங்கிருந்த இளைஞர் பதினாலு பக்கத்தை நீட்டி, பென்சிலில் டிக் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் கண்ணாடியை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் நெளிந்தார். வாட்சைப் பார்த்தார். “எல்லாரும் போடறதுதான் ஸார்” என்றார்.

பதினோராம் பக்கத்தில் கிடைத்தது. நான் கேட்காத ஒரு இன்ஷூரன்ஸ் பாலிஸி. வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

“தம்பி, இது டிபென்ட்ஸா, ஸஜஸ்ட்ஸா?”

அவர் விழித்தார்.

“இது இல்லேன்னா லோன் கிடைக்காதா?”

“அப்படி இல்ல ஸார்... இருந்தா நல்லாருக்கும்...”

ஐஸ்க்ரீம் ஸ்டால்! பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் நிதானமாக ஒரே ஒரு எழுத்தைப் போட்டேன்.

‘என்’.